கோதுமையும் கச்சா எண்ணெயும்: போருக்குப் பிந்திய அமெரிக்க வரலாறும் மணலித் தொழிற்பகுதியும்

ஒரு நாட்டின் வரலாறு அந்நாட்டின் எல்லைக்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது என்னும் எண்ணம் பாடநூல்களால் நமக்குள் ஊன்றப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஐக்கிய நாடுகள் கண்ட மாற்றங்களை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் தம் ஆய்வை நிறுத்திக்கொள்கின்றனர். அம்மாற்றங்களுள் சில கடல் கடந்து வந்து நம் ஊர்களின் மண்ணையும் நீரையும் உணவையும் மாற்றியமைத்தன. சென்னைக்கு வடக்கே எண்ணூர், மணலி, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என நீளும் தொழிற்பகுதி அதற்குத் தக்க சான்றாகும்.

மணலி முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூராக இருந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அங்கு 1960-களின் பிற்பகுதியில் அடுத்தடுத்து எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் உர ஆலையிலும் இந்திய அரசும், அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் பங்காளிகளாக இருந்தன. ஜனநாயகக் குடியரசு ஒன்று, வல்லரசின் பெருநிறுவனம் ஒன்று, மன்னராட்சியின் அரசு நிறுவனம் ஒன்று ஆகிய இம்மூன்றும் ஒரு தமிழ்ச் சிற்றூரில் எவ்வாறு ஒன்றுகூடின என்னும் வினாவுக்கு விடை தேடினால், போருக்குப் பிந்திய அமெரிக்காவின் வரலாற்றில் பெரும்பகுதி நமக்கு விளங்கிவிடும்.

மிகை விளைச்சல் என்னும் சுமை

1945-இல் போர் முடிந்தபோது, அழிவைக் காணாத ஒரே பெரும் தொழில்நாடாக அமெரிக்கா எஞ்சி நின்றது. போர்வீரர்களின் கல்விக்கும் வீட்டுக்கடனுக்கும் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. நகரங்களுக்கு வெளியே புறநகர்க் குடியிருப்புகள் பல்கின. 1956-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளத்திற்கு மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளைத் திட்டமிட்டது. மோட்டார் வண்டியின்றி வாழ இயலாத ஒரு சமூகம் உருவானது. அச்சமூகத்தின் தாகம் எண்ணெய். அத்தாகத்தைத் தீர்க்க அமெரிக்க நிறுவனங்கள் உலகெங்கும் எண்ணெய் தேடிப் புறப்பட்டன.

வேளாண்மையிலோ இதற்கு நேர்மாறான நிலை. அங்கே குறை என்பது இல்லை, மிகையே சிக்கலாயிற்று. 1930-களின் பெருமந்தத்தின்போது உழவர்களைக் காக்க அரசு ஏற்படுத்திய விலை உறுதித் திட்டம் போருக்குப் பின்னும் தொடர்ந்தது. வெடிமருந்துக்காகக் கட்டப்பட்ட நைட்ரஜன் ஆலைகள் உரம் செய்யத் திரும்பின. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பரவின. குறைந்த மக்கள் கூடுதலாக விளைவித்தனர். 1940-இல் ஏறத்தாழ 3 கோடியாக இருந்த பண்ணை மக்கள்தொகை 1970-இல் 1 கோடிக்கும் கீழே இறங்கியது. விற்காத தானியத்தை அரசே வாங்கிக் களஞ்சியங்களில் நிரப்பிற்று. அவற்றைக் காப்பதற்கே பெரும்பொருள் செலவாயிற்று.

இச்சுமையை இறக்க வந்ததே 1954 ஜூலை 10-இல் அதிபர் ஐசனோவர் கையொப்பமிட்ட பொதுச் சட்டம் 480. நம் நாட்டில் இது 'பி.எல். 480' என்றே வழங்கிற்று. டாலர் இல்லாத நாடுகள் தத்தம் நாணயத்திலேயே விலை செலுத்தித் தானியம் பெறலாம் என்பது அதன் சாரம். பசித்தோர்க்கு உணவு, அமெரிக்க உழவர்க்கு விலை, எதிர்காலத்திற்குச் சந்தை, வெளியுறவுக்குக் கருவி என நான்கு நோக்கங்களை அச்சட்டம் ஒரே மூட்டையில் கட்டிற்று. பின்னர் கென்னடியின் ஆட்சியில் 'அமைதிக்கான உணவு' என்னும் பெயர் நிலைபெற்றது. பெயர் மாறியபோதும் நான்கு நோக்கங்களும் பிரிந்துவிடவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அதுவே திறவுகோல்.

இந்தியா 1956-இல் முதல் ஒப்பந்தம் செய்தது. 1960 மே மாதம் உணவமைச்சர் எஸ்.கே. பாட்டீல் வாஷிங்டனில் கையொப்பமிட்ட ஒப்பந்தம், நான்காண்டுகளில் 160 இலட்சம் டன் கோதுமைக்கும் 10 இலட்சம் டன் அரிசிக்கும் வழிசெய்தது. தமிழகத்தில் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்திற்கு 1961 முதல் 'கேர்' என்னும் அமெரிக்க அறநிறுவனம் பால்தூளும் எண்ணெயும் மாவும் வழங்கியது. நம்மில் ஐம்பதைக் கடந்தவர்கள் பலருக்கு அமெரிக்கா முதன்முதலில் அறிமுகமானது பள்ளிக்கூடத்தின் உணவுத் தட்டில்தான்.

கப்பலை நோக்கிய கண்கள்

1964-65-இல் இந்தியாவின் உணவுதானிய விளைச்சல் ஏறத்தாழ 8.9 கோடி டன். அடுத்த ஆண்டு பருவமழை பொய்த்தது, விளைச்சல் 7.2 கோடி டன்னாக வீழ்ந்தது. அதற்கடுத்த ஆண்டும் மழை ஏமாற்றிற்று. 1966-இல் ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியத்தை இந்தியா இறக்குமதி செய்தது. அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்த காலம் அது. கப்பல் துறைமுகத்தைத் தொட்டால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை.

அவ்வேளையில் அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு புதிய முறையைக் கையாண்டார். ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் செய்யாமல், மாதந்தோறும் தாமே பார்த்து அனுமதி வழங்கும் முறை அது. கடிவாளம் அவர் கையில் இருந்தது. இந்தியா தன் வேளாண்மையைச் சீர்திருத்த வேண்டும் என்பது வெளிப்படையாகக் கூறப்பட்ட காரணம். வியட்நாம் மீதான குண்டுவீச்சை இந்தியா கண்டித்தது அவருக்கு எரிச்சலூட்டியது என்பதும் வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்பதாகும். 1966 மார்ச்சில் இந்திரா காந்தி வாஷிங்டன் சென்றார். ஜூன் 6-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆயிற்று. ஜூலையில் சோவியத் ஒன்றியத்துடன் சேர்ந்து குண்டுவீச்சை நிறுத்துமாறு இந்தியா அறிக்கை விடுத்தது. கப்பல்களின் வருகை மேலும் இறுகியது.

இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. எகிப்தும் 1962-இல் செய்த மூன்றாண்டு ஒப்பந்தப்படி அமெரிக்கக் கோதுமையைப் பெற்றுவந்தது. 1964 டிசம்பரில் நாசிர் போர்ட் சயீத் நகரில் அமெரிக்காவைக் கடுமையாகச் சாடிப் பேசினார். ஒப்பந்தம் முடிந்தபின் 1966-இல் ஆறு மாதத்திற்கு மட்டும் புதுப்பிக்கப்பட்டது; பின்னர் நின்றது. ரொட்டித் துண்டு ஒரு தூதுவராகவும் ஒரு தண்டனையாகவும் மாறமுடியும் என்பதைக் கெய்ரோவும் டெல்லியும் ஒரே காலத்தில் கற்றன.

இங்கு நியாயத்தின் பொருட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கப்பல்கள் வந்தன, அவற்றிலிருந்த தானியம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. நிபந்தனையின் கசப்பைச் சொல்பவர் உணவின் உண்மையையும் மறைக்கலாகாது. ஒரு சமூகத்தின்மீது கொண்ட வெறுப்பு நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்யலாகாது என்பது நம் மார்க்கம் நமக்கு இட்ட கட்டளையாகும்.

உணவமைச்சரும் உரக் கொள்கையும்

அந்நாளில் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் அவர் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃபிரீமனுடன் ஓர் உடன்பாடு செய்தார். வேளாண்மைக்குக் கூடுதல் நிதி, புதிய வித்துகள், பெருமளவு இரசாயன உரம், உரத் தொழிலில் வெளிநாட்டு மூலதனத்திற்கு இடம் ஆகியன அதன் கூறுகள். இவை அமெரிக்க நெருக்குதலால் மட்டும் பிறந்தவை என்று கூறுவது பொருந்தாது. சுப்பிரமணியம் தாமே இவ்வழியை முன்பே நாடியிருந்தார். தாம் செய்ய எண்ணியதை வல்லரசு ஒன்று வற்புறுத்தியபோது, உள்நாட்டு எதிர்ப்பை மீறி அதனைச் செய்ய அவருக்கு வலுக் கிடைத்தது என்பதே பொருத்தமான மதிப்பீடாகும். 1965-இன் இறுதியில் அரசு அறிவித்த கொள்கை, புதிதாக வரும் உர நிறுவனங்கள் ஏழாண்டுகளுக்குத் தம் விலையையும் விற்பனையையும் தாமே முடிவுசெய்ய இடமளித்தது.

தமிழகத்தின் நெல்வயல்கள் அதற்குமுன்பே இப்பாதையில் அடியெடுத்து வைத்திருந்தன. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையுடன் 1960-61-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல் அங்குப் பரவியது. விளைச்சல் கூடிற்று, கூலி அவ்வாறு கூடவில்லை. கூலி உயர்வுப் பூசலின் உச்சத்தில் 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் தீக்கிரையாயின. உணவைப் பெருக்குவதும் உணவைப் பங்கிடுவதும் இருவேறு அறங்கள் என்பதற்கு இதனினும் கொடிய சான்று தமிழ் மண்ணில் இல்லை.

அரசியலிலும் அரிசி பேசிற்று. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதியுடன் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. இந்தி எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து காங்கிரசை வீழ்த்தின. காமராசர் விருதுநகரில் தோற்றார். நாட்டின் உணவுக் கொள்கையைத் திருப்பிய சுப்பிரமணியமும் தம் தொகுதியில் தோற்றார்.

மூன்று பங்காளிகள்

இச்சூழலில்தான் மணலியின் ஆலைகள் பிறந்தன. 1965 இறுதியில் சென்னைச் சுத்திகரிப்பு ஆலை நிறுவனம் பதிவாயிற்று. இந்திய அரசுக்கு 74 விழுக்காடு. அமெரிக்காவின் அமோக்கோ, ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றுக்குத் தலா 13 விழுக்காடு. ஆண்டுக்கு 25 இலட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் அவ்வாலை, 43 கோடி ரூபாய்ச் செலவில், 27 மாதங்களில் கட்டி முடிக்கப்பட்டு 1969-இல் இயங்கத் தொடங்கியது. 1966 டிசம்பரில் சென்னை உர நிறுவனம் தோன்றியது. அதில் இந்திய அரசுக்கு 51, அமோக்கோவுக்கு 49 விழுக்காடு. 1971-இல் அது விற்பனைக்கான உற்பத்தியைத் தொடங்கியது. மறு ஆண்டு அமோக்கோ தன் பங்கில் பாதியை ஈரானிய நிறுவனத்திற்கு வழங்கிற்று.

ஒரு பத்தாண்டுக்கு முன் நிலைமை வேறாக இருந்தது. 1950-களில் பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் எழுந்த சுத்திகரிப்பு ஆலைகள் முற்றிலும் அயல் நிறுவனங்களின் உடைமை. மணலியில் பெரும்பங்கு இந்திய அரசிடம் இருந்தது. பசியின் நடுவிலும் புதுடெல்லி முற்றாகப் பணிந்துவிடவில்லை என்பதை இவ்விகிதம் காட்டுகிறது.

அமோக்கோ யார்? ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் பேரமைப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911-இல் பிரித்தபோது தனித்து நின்ற இந்தியானா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் வணிகப் பெயர்களுள் அது ஒன்று. அதன் தலைமையகம் சிகாகோ.

ஈரான் எவ்வாறு உடன் வந்தது? 1951-இல் பிரதமர் முஹம்மது முஸத்திக் ஈரானின் எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனம் அப்போது பிறந்தது. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டானிய உளவுத்துறைகள் துணைநின்ற கவிழ்ப்பில் அவர் பதவியிழந்தார். ஷாவின் முற்றதிகாரம் நிலைபெற்றது. இதில் தனக்கிருந்த பங்கை அமெரிக்க உளவுத்துறை 2013-இல் வெளியிட்ட ஆவணங்களில் ஒப்புக்கொண்டது. 1954-இல் அமைந்த எண்ணெய்க் கூட்டமைப்பில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு கிடைத்தது. அதற்குப் புறம்பாக 1958-இல் இந்தியானா நிறுவனம் ஈரானிய தேசிய நிறுவனத்துடன் சரிபாதிக் கூட்டாக ஒரு நிறுவனத்தை அமைத்துப் பாரசீக வளைகுடாவின் கடலடியில் எண்ணெய் தேடியது. டேரியஸ் என்னும் எண்ணெய்வயல் கிட்டியது. எண்ணெய் கிடைத்தபின் அதற்கு நிலையான சந்தை வேண்டும். டேரியஸ் கச்சா எண்ணெயை ஏற்கும் வண்ணம் மணலி ஆலை அமைக்கப்பட்டது. ஆலையில் பங்குகொள்வது அயல் பங்காளிகள் இருவருக்கும் தம் எண்ணெய்க்கு வாடிக்கையாளரைத் தேடிக்கொள்வதுமாயிற்று.

ஆக, கன்சாஸ் மாநிலத்துக் கோதுமைக் களஞ்சியமும், தெஹ்ரானின் கவிழ்ப்பும், சிகாகோவின் வணிகமும், இந்தியாவின் வறட்சியும் சேர்ந்தே மணலியின் புகைபோக்கிகளை எழுப்பின.

நஃப்த்: ஒரு சொல்லின் பயணம்

அரபு கற்போர்க்கு இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தி உண்டு. உர ஆலைக்கு மூலப்பொருளாகப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து சென்றது 'நாப்தா'. அரபியிலும் பாரசீகத்திலும் எண்ணெயைக் குறிக்கும் 'நஃப்த்' என்பதும் இதுவும் ஒன்றே. அப்பாஸியப் படைகளில் நஃப்த் தீயை எறியும் வீரர்கள் 'நஃப்பாத்தூன்' எனப்பட்டனர். மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸி தம் 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் கறுப்பு நஃப்தை 'அன்பீக்' என்னும் வாலையில் காய்ச்சி வடித்து வெண்ணிற நஃப்தைப் பெறும் முறையை விளக்கியுள்ளார். மணலியின் வானளாவிய கோபுரங்கள் செய்வது அடிப்படையில் அதே வேலை: கச்சா எண்ணெயைச் சூடேற்றி, கொதிநிலையின் வேறுபாட்டால் அதன் கூறுகளைத் தனித்தனியே பிரித்தல். அவற்றுள் இலேசான கூறுகளில் ஒன்று நாப்தா.

அதன்பின் நிகழ்வது இருபதாம் நூற்றாண்டின் வேதியியல். நாப்தாவை நீராவியுடன் உயர்வெப்பத்தில் வினைபுரியச் செய்து ஹைட்ரஜன் பெறுவர். காற்றிலிருந்து நைட்ரஜன். இவ்விரண்டையும் மிகுந்த அழுத்தத்தில் இரும்பு வினையூக்கியின்மேல் செலுத்தினால் அம்மோனியா உண்டாகும். அம்மோனியாவைக் கரியமில வாயுவுடன் சேர்த்தால் 46 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட யூரியா கிடைக்கும். வெண்மணிகளாக உருண்டு மூட்டையில் நிறையும் அது 'விஜய்' என்னும் பெயருடன் தமிழகத்தின் வயல்களுக்குப் போயிற்று. வளைகுடாவின் கடலடியில் கிடந்த கருநீர் நெற்கதிரின் பச்சையாக மாறிய விந்தை இது. நம் தட்டிலுள்ள சோற்றில் பெட்ரோலியமும் ஒரு பங்கு என்பதை உழவரும் உண்பவரும் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழவேற்காட்டின் அரபு வமிசத்துக் குடும்பங்களும் அங்குப் போற்றப்படும் அரபுத்தமிழ் மரபும் இக்கடற்கரைக்கு அரபு உலகுடன் நெடுநாள் உறவு உண்டென்பதற்குச் சான்றுகள். பாய்க்கப்பல் நாளில் இருகரைப் பொருள்களும் வணிகர் கைவழியே மாறின. எண்ணெய்க் கப்பல் நாளில் கரை இரண்டாக இருந்தும், கணக்கு மூன்றாம் ஊரான சிகாகோவிலும் எழுதப்பட்டது.

சிகாகோவின் மறுமுகங்கள்

சிகாகோவை எண்ணெய் நிறுவனத்தின் ஊராக மட்டும் காண்பது குறைப்பார்வையாகும். பருத்தி பறிக்கும் இயந்திரம் தென்மாநிலங்களில் பரவியபோது வேலையிழந்த கறுப்பின உழவர்கள் வடக்கு நோக்கிச் சென்றனர். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் பேர் இவ்வாறு இடம்பெயர்ந்தனர். அவர்களில் பெருந்தொகையினர் சேர்ந்த ஊர்களுள் சிகாகோ முதன்மையானது. தானிய மிகையை உண்டாக்கிய அதே இயந்திரப் பெருக்கமே இம்மக்களை வேரோடு பெயர்த்தது. புறநகர்களின் புதுவீடுகள் பெரும்பாலும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன.

அவர்களிடையே டெட்ராய்ட்டில் 1930-இல் தோன்றிய 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கம் பின்னர் எலிஜா முஹம்மதின் தலைமையில் சிகாகோவை மையமாக்கிக்கொண்டது. இனவாதத்திற்கு எதிர்வினையாக அதுவும் ஓர் இனக்கோட்பாட்டையே கட்டியது. 1964-இல் ஹஜ் சென்ற மால்கம் எக்ஸ், நிறம் கடந்த சகோதரத்துவத்தை மக்காவில் கண்டு அக்கோட்பாட்டைக் கைவிட்டார். 1965 பிப்ரவரி 21-இல் கொல்லப்பட்டார். 1975-இல் எலிஜா மறைந்தபின் அவர் மகன் வாரிஸுத்தீன் முஹம்மது இயக்கத்தின் பெரும்பகுதியினரை அஹ்லுஸ் ஸுன்னா நெறிக்கு அழைத்து வந்தார்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1964-இல் குடியுரிமைச் சட்டத்திலும், 1965 ஆகஸ்டில் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்திலும், அதே அக்டோபரில் ஆசியர்க்குக் கதவு திறந்த குடியேற்றச் சட்டத்திலும் கையொப்பமிட்டவர் அதிபர் ஜான்சனே. இந்தியாவின் கோதுமைக் கப்பல்களை மாதக்கணக்கில் நிறுத்தி எண்ணியவரும் அவரே. நாட்டுக்குள் நீதியை விரித்த கை நாட்டுக்கு வெளியே கடிவாளத்தை இறுக்கிற்று. போருக்குப் பிந்திய அமெரிக்காவின் இருமை இம்மனிதரில் முழுமையாகத் தெரிகிறது. அவ்விருமையைச் சுட்டிக்காட்டியோர் அமெரிக்காவிலேயே எழுந்தனர். 1959-இல் இந்தியா வந்து சென்னையையும் கண்டுசென்ற மார்ட்டின் லூதர் கிங், 1966-இல் சிகாகோவில் வீட்டுரிமைக்காகப் போராடினார். 1967 ஏப்ரல் 4-இல் நியூயார்க்கில் வியட்நாம் போரை வெளிப்படையாகக் கண்டித்தார். அதே மாதம் 28-ஆம் நாள் முஹம்மது அலீ படையில் சேர மறுத்துத் தம் பட்டத்தை இழந்தார். 1971-இல் உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை நீக்கியது. 1980-இன் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து குத்துச்சண்டைக் காட்சி நடத்தியதை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

அறிவுத்துறையிலும் கோதுமைக்கு ஒரு பங்குண்டு. சோவியத் ஒன்றியம் 1957-இல் ஸ்புட்னிக்கை ஏவியதும் அஞ்சிய அமெரிக்கா, 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி அயல்மொழிக் கல்விக்குப் பொருள் வழங்கியது. அரபும் இந்திய மொழிகளும் அதனால் பயன்பெற்றன. கோதுமைக்கு இந்தியா செலுத்திய ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன. தமிழ் நூல்கள் சிகாகோப் பல்கலைக்கழக அடுக்குகளில் ஏறியது இவ்வாறே. அங்கு ஏ.கே. இராமானுசன் தமிழ்ச் செவ்வியலை உலகுக்கு மொழிபெயர்த்தார். பாகிஸ்தானில் எதிர்ப்புக்குள்ளாகி வெளியேறிய அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் அதே பல்கலைக்கழகத்தில் குர்ஆனியச் சிந்தனையைக் கற்பித்தார். அச்சத்தில் தொடங்கிய திட்டமும் அறிவில் முடிவதுண்டு.

பங்காளிகள் பிரிந்த பின்

1971-இன் இறுதியுடன் சலுகைக் கோதுமை வரத்து நின்றது. சேர்ந்திருந்த ரூபாய்க் கணக்கைத் தீர்க்க 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கான காசோலையை இந்திய அரசிடம் வழங்கினார். கோதுமையின் கடிவாளம் கழன்றது. ஆனால் அதே வேளையில் எண்ணெயின் கடிவாளம் இறுகியது. 1973 அக்டோபர் போரின்போது அரபு நாடுகள் விதித்த தடையையும், அதனைத் தொடர்ந்த விலையேற்றத்தையும் அடுத்து, 3 டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் எண்ணெய் 1974 தொடக்கத்தில் 11 டாலரைக் கடந்தது. தடை அமெரிக்காவைக் குறிவைத்தது. விலையின் அடியோ நாப்தாவை நம்பிய ஏழைநாடுகளின் உர ஆலைகள்மீதும் விழுந்தது. 1977-இல் இந்திய அரசு உரத்திற்கு மானிய முறையை வகுக்க நேர்ந்தது.

1979-இல் ஈரானில் புரட்சி வந்தது, ஷா வெளியேறினார், அமெரிக்கக் கூட்டு அங்கு முறிந்தது. வியப்பு என்னவெனில், தெஹ்ரானில் முறிந்தபின்னும் மணலியில் அமெரிக்க நிறுவனமும் ஈரானிய நிறுவனமும் சில ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் பங்காளிகளாக நீடித்தன. 1985-இல் அமோக்கோ தன் பங்குகளை இந்திய அரசுக்கு விட்டு விலகியது. 1998-இல் அதுவே பிரிட்டிஷ் பெட்ரோலியத்துடன் இணைந்து மறைந்தது. ஈரானின் பங்கு தொடர்ந்தது. 2000-இல் சென்னைப் பெட்ரோலியக் கழகம் எனப் பெயர் மாறிய ஆலையில் இந்தியன் ஆயில் பெரும்பான்மை பெற்றது. ஈரானியத் துணை நிறுவனத்திடம் 15 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட பங்கு உள்ளது. ஆயினும் அமெரிக்கா 2018-இல் அணு உடன்பாட்டிலிருந்து விலகி மீண்டும் தடைவிதித்தபின், 2019 மே மாதத்துடன் ஈரானிய எண்ணெயை இந்தியா நிறுத்திக்கொண்டது. பங்கு இருந்தது, பங்காளியின் எண்ணெய் நின்றது. அமெரிக்க மூலதனம் மணலியை விட்டுச் சென்று முப்பதாண்டுகள் கடந்தபின்னும் அமெரிக்க ஆணை அங்கு எட்டியது. அதே 2019-இல் உர ஆலை நாப்தாவை விட்டு, எண்ணூரில் இறங்கும் திரவ இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

இதற்கிடையே மாவட்டத்தின் மறுபுறம் அமெரிக்கா வேறு உருவில் வந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் நடத்திய மண்வாரி இயந்திர ஆலையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்டர்பில்லர் வாங்கியது. இங்கே கோதுமையும் இல்லை. ரோம் உடன்பாடும் இல்லை. கொள்வோனும் கொடுப்போனும் மட்டுமே. தாராளமயத்துக்கு முந்திய உறவுக்கும் பிந்திய உறவுக்கும் உள்ள வேறுபாடு இவ்விரு ஆலைகளுக்கிடையே தெளிவாகிறது.

இன்னொரு வேறுபாடு மனத்தை உறுத்துவது. மணலியில் ஆலை எழுந்த அதே 1969-இல் ஒஹாயோவின் குயஹோகா ஆறு எண்ணெய்க் கழிவால் தீப்பற்றியது. ரேச்சல் கார்சன் 1962-இல் எழுப்பிய எச்சரிக்கை ஏற்கெனவே மக்களைச் சென்றடைந்திருந்தது. 1970-இல் அமெரிக்கா சுற்றுச்சூழல் காப்பு முகமையையும் தூய காற்றுச் சட்டத்தையும் ஏற்படுத்தியது. தொழில்நுட்பம் கடல் கடந்து வந்த வேகத்தில் அவ்விழிப்பு வரவில்லை. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசுற்ற பகுதிகளின் பட்டியலில் மணலியைச் சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் படகும் வலையும் கருமை பூசின. அதே மாதத்தில் எண்ணூரின் மற்றோர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுவிட்டு ஓடினர். நாட்டின் பசியைத் தீர்த்த தொழிலுக்குரிய விலையை இம்மக்கள் மூச்சிலும் மீனிலும் செலுத்துகின்றனர்.

நாம் கொள்ளவேண்டியவை

முதலாவதாக, சேமிப்பில்லாத சமூகத்திற்கு இறையாண்மை முழுமையாக வாய்ப்பதில்லை. யூசுஃப் நபி (அலை) அவர்கள் எகிப்தில் செழிப்பின் ஏழாண்டுகளில் கதிர்களைக் காத்துவைத்துப் பஞ்சத்தின் ஏழாண்டுகளைக் கடத்திய வரலாறு நாம் அடிக்கடி ஓதுவது. நெருக்கடியின் வாயிலில், 1965 ஜனவரி 14-இல் நிறுவப்பட்ட இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. பின்வந்த அரசுகள் களஞ்சியத்தைக் காத்ததனாலேயே 1966-இன் நிலை நாட்டுக்குத் திரும்பவில்லை.

இரண்டாவதாக, ஒரு சார்பிலிருந்து விடுபடும்போது மறு சார்பு எங்கே பிறக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோதுமையை நிறுத்த உரம் வேண்டியிருந்தது, உரத்திற்கு நாப்தா, நாப்தாவுக்கு வளைகுடா, இன்று கப்பலில் வரும் எரிவாயு.

மூன்றாவதாக, அமெரிக்காவை ஒற்றை உருவாகக் கண்டு போற்றுவதும் தூற்றுவதும் அறிவுடைமையாகாது. கப்பலை அனுப்பியதும் நிறுத்தியதும் அந்நாடே. முஸத்திக்கை வீழ்த்தியதும் மால்கமை ஈன்றதும் அந்நாடே. அதன் ஆறு தீப்பற்றியபோது சட்டம் இயற்றவைத்தவர்கள் அதன் குடிமக்கள். அவர்களிடம் நாம் கற்கத்தக்கது அந்தக் குடிமை விழிப்பே. தானியம் தந்தவனின் நிபந்தனையைக் கேள்வி கேட்ட நாம், ஆலை தந்த வேலையை ஏற்கும்போது அதன் கழிவுக்கும் கணக்குக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். எண்ணூர் மீனவரின் வலை மீண்டும் வெளுக்கும்வரை அக்கணக்கு தீர்ந்ததாகாது.